ஓடிய மின்சாரத்தை மறக்காத மூலக்கூறு

பனமலை ஏரியிலிருந்து வயலுக்குப் போகும் வாய்க்கால் ஒன்றுக்கு விசித்திரமான குணம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தண்ணீர் ஒரு பக்கமாகப் பாயப் பாய அது அகலமாகும். எதிர்ப்பக்கமாகப் பாய்ந்தால் குறுகும். மடையை அடைத்தால் அப்போதிருந்த அகலத்திலேயே நிற்கும். மின்சாரத்துக்கு அப்படியொரு வாய்க்கால்தான் மெம்ரிஸ்டர்.

மின்தடை, மின்தேக்கி, மின்தூண்டி என்று பள்ளியில் படிக்கிறோமே, அவற்றோடு நான்காவது உறுப்பு ஒன்றும் இருந்தாக வேண்டும் என்று 1971இல் லியோன் சுவா கணக்குப் போட்டுக் காட்டினார். அதை ஒரு பொருளில் இனம்கண்டு சொல்ல 37 ஆண்டுகள் ஆயின. 2008இல் எச்.பி. ஆய்வகத்தில் ஸ்டான்லி வில்லியம்ஸ் குழு, இரண்டு பிளாட்டினம் முனைகளுக்கு நடுவே டைட்டானியம் டையாக்சைடை நானோமீட்டர் கணக்கில் மெல்லிய படலமாக வைத்தது. மின்னழுத்தம் கொடுத்தால் அதிலுள்ள ஆக்சிஜன் காலியிடங்கள் நகரும், தடை மாறும். படலம் மெலிய மெலிய விளைவு பெருகும். அத்தனை காலம் கண்ணில் படாததற்கு அதுவே காரணம்.

இந்த நினைவு எங்கே உதவும்? எஃப்பிஜிஏ என்னும் சில்லை, தயாரித்து முடித்த பிறகும் வேறு சுற்றாக மாற்றலாம். ஆனால் பெரும்பாலான எஃப்பிஜிஏக்களில் மின்சாரம் நின்றதும் இணைப்பு விவரம் அழிந்துவிடும். மெம்ரிஸ்டருக்கு அந்தக் கவலை இல்லை. 2009இல் அதே ஆய்வகம் டிரான்சிஸ்டர் சில்லின் மேல் மெம்ரிஸ்டர் அடுக்கு ஒன்றைப் பதித்து, மாற்றியமைக்கும் சுற்றைச் செய்துகாட்டியது.

இதைவிட என்னை மலைக்க வைப்பது கொல்கத்தாவில், இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் உருவான மூலக்கூறு. வேதியியலாளர் ஸ்ரீபிரதா கோஸ்வாமி தயாரித்த அந்த இரும்புச் சேர்மம், ஒன்றன்பின் ஒன்றாக எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ளும். அதன் படலமும் ஒரு மெம்ரிஸ்டர்தான்: மின்னழுத்தம் ஏற ஏறக் கடத்தும், கடத்தாது, மறுபடி கடத்தும். 'இப்படியானால் இதைச் செய்' என்று டிரான்சிஸ்டர்களைக் கோத்துச் செய்யும் முடிவுகள் ஒரே உறுப்புக்குள் அடங்கிவிடுகின்றன. மின்னழுத்தத்தை மாற்றினால் அவையும் மாறும். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஸ்ரீதோஷ் கோஸ்வாமியும் தி. வெங்கடேசனும் வில்லியம்ஸோடு சேர்ந்து 2021இல் இதை 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். மூலக்கூறு எந்த நிலையில் இருக்கிறது என்று அவர்கள் கண்டறிந்தது ராமன் நிறமாலையைக் கொண்டு. அந்த நிறமாலைக்கு அடிப்படையான விளைவை சி.வி. ராமன் 1928இல் கண்டதும் அதே கொல்கத்தாக் கழகத்தில்தான்.

பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்த ஸ்ரீதோஷின் குழு, 2024இல் ஒரு மூலக்கூற்றுப் படலத்தில் 16,500 கடத்து நிலைகளைப் பிரித்துக் காட்டியது. வழக்கமான கணினி நினைவகத்தின் ஓர் உறுப்புக்கு இரண்டே நிலைகள். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் தரவிலிருந்து 'படைப்பின் தூண்கள்' படத்தை ஒரு மேசைக் கணினியோடு அவர்கள் உருவாக்கியது இந்த நிலைகளைக் கொண்டுதான். அடுத்து அதை முழுச் சில்லாக்கும் வேலையில் இறங்கினார்கள்.