கைத்தொலைபேசிக்குள் குடியேறிய வானொலி

உங்கள் வீட்டு வானொலிப் பெட்டி இப்பொழுது எங்கே இருக்கிறது? கூடத்து அலமாரியின் மேல் பின்னல் துணி போர்த்தி, பிள்ளைகள் கை படாமல் வைத்திருந்தோமே, அந்தப் பெட்டியைத்தான் கேட்கிறேன். சில வீடுகளில் அது பரண் ஏறிவிட்டது. சில வீடுகளில் பழைய சாமான்காரரின் வண்டியில் ஏறிவிட்டது.

அப்படியானால் வானொலியின் காலம் முடிந்துவிட்டதா? இல்லை. பெட்டிதான் போயிருக்கிறது, குரல் போகவில்லை. அந்தக் குரல் எங்கே குடியேறியிருக்கிறது, அதைக் காப்பாற்ற நம்மால் ஆவது என்ன என்பதை, ஜோகூர் பாலத்துக்கு அப்பால் இருக்கும் சிங்கப்பூரின் கதையிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

குன்றின் மேல் பிறந்த குரல்

சிங்கப்பூரில் கால்டிகாட் குன்றின் மேல் 1937இல் வானொலி நிலையம் திறக்கப்பட்டது. போர் முடிந்து 1946இல் ரேடியோ மலாயா உருவானபோது அதன் தலைமையகமும் சிங்கப்பூரிலேயே இருந்தது. ஆம், நம் பாட்டன்மார் தோட்டத்து லயங்களில் கூடி நின்று கேட்ட வானொலியின் தலைவாசல் அதுதான்! 1959 ஜனவரியில்தான் இரண்டும் பிரிந்து, கோலாலம்பூர் தனியாகவும் சிங்கப்பூர் தனியாகவும் ஒலிபரப்பத் தொடங்கின.

அந்தக் குரல் பாட்டு மட்டும் தரவில்லை. ‘புதுமைதாசன்’ என்ற புனைபெயர் கொண்ட பி. கிருஷ்ணன் அவர்கள் சிங்கப்பூர் வானொலிக்கு ஏராளமான நாடகங்கள் எழுதினார். அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்களின் பாட்டை நகைச்சுவையோடு சொன்ன அவருடைய ‘அடுக்குவீட்டு அண்ணாசாமி’ தொடர் நேயர்களின் மனத்தில் இடம்பிடித்தது. 2008இல் சிங்கப்பூரின் உயரிய கலை விருதான கலாசாரப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. சென்னைப் படத்தில் காண முடியாத தங்கள் வாழ்க்கையை அந்த மக்கள் தங்கள் வானொலியில் கேட்டார்கள். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வந்தவையும் போனவையும்

1963இல் தொலைக்காட்சி வந்தது. ‘இனி யார் வானொலி கேட்கப்போகிறார்கள்?’ என்றார்கள். கேசட் வந்தபோதும் அதையே சொன்னார்கள். வானொலி அசையவில்லை. சமையல் செய்துகொண்டே, துணி தைத்துக்கொண்டே, வண்டி ஓட்டிக்கொண்டே கேட்கலாம் அல்லவா? கண்ணைக் கேட்காமல் காதை மட்டும் கேட்பதே அதன் பலம்.

ஆனால் எல்லாமே நிலைத்துவிடவில்லை. வீட்டுக்கு வீடு கம்பி இழுத்து நிகழ்ச்சி தந்த ரீடிஃப்யூஷன் நிறுவனம் சிங்கப்பூரில் 1949இல் தொடங்கியது. மூன்று தலைமுறை கேட்ட அந்தச் சேவை 2012இல் மூடப்பட்டது.

இன்னொரு பாடமும் உண்டு. 1999இல் சிங்கப்பூர் ‘ஸ்மார்ட் ரேடியோ’ என்ற மின்னிலக்க ஒலிபரப்பைத் தொடங்கியது. இரைச்சல் இல்லாத தெளிவான ஒலி; ஆசியாவிலேயே முன்னோடி முயற்சி. ஆனால் அதைக் கேட்கத் தனியாக ஒரு புதிய பெட்டி வாங்கவேண்டும்! வீட்டில் நன்றாகப் பாடிக்கொண்டிருக்கும் பெட்டியை ஒதுக்கிவிட்டு இன்னொன்றுக்கு யார் பணம் செலவழிப்பார்கள்? 2011இல் அந்த ஒலிபரப்பு நிறுத்தப்பட்டது. ஐரோப்பாவில் நார்வே நாடு வேறு வழியில் போனது. 2017இல் நாடு தழுவிய நிலையங்களின் பண்பலையையே நிறுத்தி, எல்லோரையும் புதிய பெட்டிக்கு மாற்றியது.

சிங்கப்பூரோ பண்பலையை அப்படியே வைத்துக்கொண்டது. மக்கள் கையில் ஏற்கெனவே இருந்த கைத்தொலைபேசிக்குள் அதே குரலை அனுப்பியது. அந்த நாட்டில் தமிழுக்கென இருக்கும் ஒரே வானொலி நிலையம் ‘ஒலி 96.8’. இன்று அது பண்பலையிலும் வருகிறது. மீடியாகார்ப் நிறுவனத்தின் ‘மீலிசன்’ செயலி வழியே இணையத்திலும் வருகிறது. ‘செய்தி’ என்ற இணையத்தளத்தில் தமிழ்ச் செய்திகளைப் படிக்கவும் முடிகிறது. ஒலிபரப்பும் கால்டிகாட் குன்றைவிட்டு இறங்கி, 2015இன் இறுதியில் திறக்கப்பட்ட புதிய வளாகத்துக்குப் போய்விட்டது. ‘நேயர் விருப்பம்’ கேட்டு அஞ்சலட்டை எழுதியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கைத்தொலைபேசியில் செய்தி அனுப்புகிறார்கள்.

வேலி இல்லாத தோட்டம்

இதெல்லாம் நல்லதுதானே என்பீர்கள். நல்லதுதான். ஆனால் ஒரு புதிய கவலையும் கூடவே வந்திருக்கிறது.

பண்பலைக்கு ஓர் எல்லை உண்டு. சிங்கப்பூரில் கிளம்பும் அலை ஜோகூர் வரை எட்டும். அதற்கு மேல் தேய்ந்துவிடும். அந்த எல்லையே ஒரு சிறிய நிலையத்துக்கு வேலியாக இருந்தது. இணையத்திலோ வேலியே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிராங்கூன் சாலைக்கும் தேக்காவுக்கும் போய்ப் பாருங்கள். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக இருப்பார்கள். அவர்கள் காதில் செருகியிருக்கும் கருவியில் திருச்சியும் மதுரையும் பேசலாம். கடையில் உட்கார்ந்திருக்கும் சிங்கப்பூர்ப் பெரியவர் நினைத்தால் சென்னையைக் கேட்கலாம், கொழும்பைக் கேட்கலாம், நம் மின்னலையும் ராகாவையும் கூடக் கேட்கலாம்.

இத்தனை குரல்களுக்கு நடுவே உள்ளூர்க் குரலை யார் கேட்பார்கள்? இது பொழுதுபோக்கைப் பற்றிய கேள்வி மட்டும் அல்ல. சிங்கப்பூர் மக்கள்தொகைக் கணக்கைப் பாருங்கள். வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர், ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் 2010இல் நூற்றுக்கு 3.3 பேர், 2020இல் 2.5 பேர். தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்றாக இருக்கும் நாட்டிலேயே இந்த நிலை! பள்ளியில் தமிழ் ஒரு பாடம். வீட்டில் ஆங்கிலம் என்று வளரும் குழந்தைக்கு, அன்றாடத் தமிழ் காதில் விழும் வழிகள் எத்தனை மிச்சம் இருக்கின்றன?

சென்னை நிலையம் பாட்டு தரும். ஆனால் நம் ஊர் மழையைப் பற்றி, நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் பற்றி, நம் ஊர்ச் சட்டத்தைப் பற்றி அது பேசாது. அண்ணாசாமியைப் போல நம் வீட்டுக் கதையையும் சொல்லாது. உள்ளூர் வானொலி உயிரோடு இருப்பதற்கான காரணமே இதுதான். சிங்கப்பூருக்குச் சொன்னது நமக்கும் பொருந்தும். செம்பனைத் தோட்டத்தைவிட்டுப் பட்டணத்து அடுக்குமாடிக்கு வந்துவிட்ட குடும்பங்களுக்கு, பழைய தோட்டத்துச் சொந்தங்களை ஒன்றாகச் சேர்க்கும் குரல் வேறு எது?

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, வீட்டுப் பெரியவர்களுக்குச் செயலியைத் திறக்கக் கற்றுக்கொடுங்கள். வானொலி கேட்டால் இணையக் கட்டணம் ஏறிவிடும் என்று அஞ்சவேண்டாம். சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரம் கேட்க 30 முதல் 60 மெகாபைட் வரைதான் ஆகும். படம் பார்ப்பதற்கு ஆவது இதைப்போலப் பல மடங்கு.

இரண்டாவது, காதுக்கருவியைக் கழற்றுங்கள். ஒரே வீட்டில் நான்கு பேர் நான்கு பாட்டைத் தனித்தனியே கேட்டால் அங்கே பேச்சு பிறக்காது. காலைச் செய்தியையாவது பிள்ளைகள் காதில் விழும்படி சத்தமாக வையுங்கள். செயலி நாம் விரும்புவதையே திரும்பத் திரும்பத் தரும். வானொலியோ நாம் கேட்க நினைக்காததையும் சொல்லிக்கொடுக்கும்.

மூன்றாவது, கேட்டதோடு நிற்காதீர்கள். நல்ல நிகழ்ச்சி என்றால் நிலையத்துக்கு நான்கு வரி எழுதுங்கள். குறை இருந்தாலும் எழுதுங்கள். நேயர் இருக்கிறார் என்று தெரிந்தால்தான் நிகழ்ச்சியும் இருக்கும்.

கடைசியாக ஒன்று. பரணில் இருக்கும் பழைய பெட்டி வேலை செய்தால் தூசி தட்டி, பேட்டரி போட்டு வையுங்கள். வெள்ளம் வந்து மின்சாரமும் இணையமும் நின்றுபோகும் நாளில், ஒலிபரப்புக் கோபுரம் இயங்கும்வரை அது பேசும். ஒருவர் கேட்டாலும் ஒரு கோடிப் பேர் கேட்டாலும் பண்பலை அலை ஒரே அளவில்தான் வரும், நெரிசலில் திணறாது.

புதியதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பழையதைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எதில் கேட்டாலும் சரி, நம் ஊர்த் தமிழ்க் குரலை நாள்தோறும் கொஞ்ச நேரமாவது கேளுங்கள். கேட்கும் காது இருக்கும்வரைதான் பேசும் வாய் இருக்கும்!