கூடத்துக்குள் ஒரு மலை ரயில்!

பென்ஷன் வாங்கும் தாத்தாவும் செல்போனை விடாத பேரனும் ஒரே மேஜையில் உட்கார ஒரு வழி. அளவில் சின்னது, சுகத்தில் பெரியது!

முப்பத்தைந்து வருஷம் மில்லிலோ, பேங்கிலோ, பட்டறையிலோ ஓடி ஓடி உழைத்தவர் உங்கள் வீட்டுக்காரர். ரிடையர் ஆன முதல் மாதம் நிம்மதியாகத்தான் இருக்கும். கோயில், கல்யாணம், ஊருக்குப் போய் தென்னந்தோப்பைப் பார்ப்பது என்று பொழுது ஓடிவிடும். ஆறாவது மாதம்? ஒரே பேப்பரை மூன்று தடவை படிக்கிறார். சமையலறைக்குள் வந்து, "குழம்புக்கு எதுக்கு இவ்வளவு எண்ணெய்?" என்கிறார். மத்தியானம் தூங்கிவிட்டு ராத்திரி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். "உடம்புக்கு என்னங்க?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லையே!" என்று பதில் வருகிறது.

நிஜமாகவே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கலாம். இத்தனை வருஷம் வேலை பார்த்த கைகள் சும்மா கிடப்பதுதான் தொந்தரவு. அந்தக் கைகளுக்கு ஒரு வேலை சொல்லத்தான் இந்தக் கட்டுரை: குட்டி ரயில் ஓட்டுவது, குட்டி ஊர் கட்டுவது!

"அட, அது சின்னப் பிள்ளைங்க விளையாட்டு ஆச்சுங்களே!" என்று சிரிக்காதீர்கள். உலகமே சிரிக்க வைத்த கார்ட்டூன்களைத் தந்த வால்ட் டிஸ்னி, வேலைப் பளுவில் களைத்துப்போயிருந்த நாட்களில் இதைத்தான் பிடித்துக்கொண்டார். 1950-ல் தன் வீட்டுத் தோட்டத்தையே சுற்றிவரும்படி, நிஜ ரயிலில் எட்டில் ஒரு பங்கு அளவுக்கு நீராவி ரயில் ஓட்டினார். பாடகர் நீல் யங்கின் மகனுக்கு மூளை வாதம். பேச்சு வராது, கை சொன்னபடி கேட்காது. அந்தப் பிள்ளை தானே ரயிலை ஓட்ட வேண்டும் என்று, பெரிய பட்டன் வைத்த கன்ட்ரோல் கருவியை உருவாக்கினார் அந்த அப்பா.

கொலுவிலேயே இருக்கிறதே!

குட்டி ஊர் கட்டுவது நமக்குப் புதுசு இல்லை. கொலு வைக்கிற வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். படிக்குக் கீழே மணல் பரப்பி, கடுகும் கேழ்வரகும் முளைக்க வைத்து வயல். உடைந்த கண்ணாடியில் குளம். தெப்பம், செட்டியார் கடை, பார்க், நடுவே சாவி கொடுத்தால் ஓடும் ரயில். சொப்புச் சாமான் வைத்துச் சோறு பொங்கிய நாட்களிலிருந்தே சின்ன உருவங்கள் மேல் நமக்கு ஆசை உண்டு. கொலுவில் ஒன்பது நாள் மட்டும் நடக்கிற காரியத்தை வருஷம் முழுக்கச் செய்தால் அதுதான் இந்த ஹாபி. அதனால் இது ஆண்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட வேண்டாம், அம்மணிகளே!

கோயமுத்தூர்க்காரர்களுக்கு இதில் கூடுதல் உரிமை உண்டு. பவுண்டரிகளில் பேட்டர்ன் செய்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும் என்பதால், அந்த நூற்றில் ஒரு பங்கையும் கணக்கில் சேர்த்து மரத்தை இழைப்பார்கள். அளவு தெரிந்த கை அது. லேத்து பட்டறை இல்லாத பகுதியே இங்கே குறைவு. 1937-ல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரமும் சேர்ந்து எலெக்ட்ரிக் மோட்டார் தயாரித்துக் காட்டிய ஊர். குட்டி ரயிலுக்கு வேண்டியதும் அதே மோட்டாரும் அளவும் பொறுமையும்தான்.

நம்ம மலை ரயிலைப் பாருங்கள்

எந்த ரயிலை மாதிரியாக வைத்துக்கொள்வது? வெளியே தேட வேண்டியதில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் நீலகிரி மலை ரயில் இருக்கிறதே! 1899-ல் குன்னூர் வரைக்கும், 1908-ல் ஊட்டி வரைக்கும் வந்தது. 2005-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 46 கிலோமீட்டர் தூரம், 208 வளைவு, 16 குகை, 250 பாலம். கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டரில் கிளம்பி 2,203 மீட்டரில் போய் நிற்கும்.

கல்லாறு தாண்டியதும் ஏற்றம் தொடங்கும். சில இடங்களில் சுமார் பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி ஏற்றம்! வெறும் சக்கரம் அங்கே வழுக்கிவிடும். அதனால் தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரட்டைப் பட்டைகள் இருக்கும். ஒரு பட்டையின் பல் இருக்கும் இடத்தில் அடுத்த பட்டைக்கு இடைவெளி. என்ஜினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். சுவிட்சர்லாந்துக்காரர் ரோமன் ஆப்ட் கண்டுபிடித்த முறை. இன்னொரு விஷயம் கவனித்திருக்கிறீர்களா? குன்னூர் வரைக்கும் என்ஜின் முன்னால் இழுக்காது, பின்னால் நின்று தள்ளும். ஏதாவது ஆனாலும் பெட்டிகள் உருண்டுவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு.

ஒருமுறை நோட்டும் ஸ்கேலும் எடுத்துக்கொண்டு போய்வாருங்கள். ஸ்டேஷன் கூரை எப்படிச் சரிகிறது, பாலத்துத் தூண் எந்த நிறக் கல், தண்ணீர்த் தொட்டி எத்தனை கால் என்று குறித்துவையுங்கள். மழைக்காலத்தில் மண் சரிந்து ரயிலை நிறுத்திவிடுவதுண்டு, விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். புனே பக்கம் போக நேர்ந்தால், கோத்ரூடில் 1998-ல் தொடங்கிய ஜோஷி குட்டி ரயில் மியூசியத்தைத் தவறவிடாதீர்கள். தனி ஒரு மனிதரின் ஹாபியில் பிறந்தது அது.

அளவுதான் உயிர்

இந்த ஹாபிக்கு ஒரே கண்டிப்பு, எல்லாம் ஒரே அளவு விகிதத்தில் இருக்க வேண்டும். உலகில் அதிகம் பேர் வைத்திருப்பது எச்.ஓ. என்கிற அளவு. நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. சுலபமாக ஞாபகம் வைத்துக்கொள்ள: ஓர் அடிக்கு மூன்றரை மில்லிமீட்டர். ஏழடிக் கதவு இரண்டரை சென்டிமீட்டர்கூட வராது. ஐந்தே முக்கால் அடி மனிதர் இரண்டே சென்டிமீட்டர்! ஐ.சி.எஃப். பெட்டி ஒன்று சுமார் 24 சென்டிமீட்டர் நீளம்.

இதைவிடச் சின்னது 'என்' அளவு. 160-ல் ஒரு பங்கு. தண்டவாள அகலம் 9 மில்லிமீட்டர். அபார்ட்மென்ட் வீட்டுக்கு இதுதான் தோது. ஆனால், வயதானவர்களின் கண்ணுக்கும் விரலுக்கும் எச்.ஓ.தான் சுகம்.

எச்.ஓ. தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். அது வெளிநாட்டு ரயில் பாதைக் கணக்கு. நம் பிராட்கேஜ் இன்னும் அகலம். சரியாகக் கணக்குப் போட்டால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வரும். இந்த மூன்று மில்லிமீட்டருக்காக மனசைப் போட்டு உழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஊட்டி ரயிலை எச்.ஓ. அளவில் முழுசாகச் செய்தால் என்ன ஆகும் தெரியுமா? தண்டவாளம் மட்டும் அரை கிலோமீட்டருக்கு மேல் ஓடும். மலை ஏழு மாடி உயரத்துக்கு நிற்கும்! ஆகவே, ஒரு துண்டை மட்டும் தேர்ந்தெடுங்கள். கல்லாற்றுப் பாலம், இல்லையென்றால் ஹில்குரோவ் ஸ்டேஷன். அது போதும்.

எப்படித் தொடங்குவது?

முதலில் பலகை. எச்.ஓ.வுக்கு ஆறுக்கு நாலு அடி பிளைவுட். அடியில் ரீப்பர் சட்டம். 'என்' அளவுக்கு, வீட்டில் கழற்றிப் போட்ட பழைய பிளஷ் கதவே போதும். சுவரில் கீல் வைத்து மடக்கினால் இடமும் மிச்சம்.

அடுத்து ரயில். என்ஜின், இரண்டு மூன்று பெட்டி, வட்டத் தண்டவாளம், கன்ட்ரோலர் எல்லாம் அடங்கிய செட்டாக வாங்குவது நல்லது. பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு என்பதால் சில ஆயிரங்கள் ஆகும். அது கையைக் கடித்தால், பேட்டரியில் ஓடும் பொம்மை ரயிலில் ஆரம்பியுங்கள். ஊரைக் கட்டும் சுகம் இரண்டிலும் ஒன்றுதான்.

ஓடுவது எப்படி? இரண்டு தண்டவாளமும் இரண்டு கம்பி மாதிரி. 12 வோல்ட் டி.சி. கரண்ட் ஒன்றில் வந்து, சக்கரம் வழியாக மோட்டாருக்குப் போய், மற்றதில் திரும்பும். ப்ளஸ், மைனஸை மாற்றினால் ரயில் பின்னால் போகும். தண்டவாளத்தில் தூசி படிந்தால் ரயில் திக்கித் திணறும். வாரம் ஒருமுறை மெல்லிய துணியால் துடையுங்கள். ஓடாத நேரத்தில் பழைய வேட்டியைப் போட்டு மூடிவையுங்கள்.

வட்டமாக ஓட்டிப் பார்த்து, எங்கும் தடம் புரளவில்லை என்று தெரிந்த பிறகே மலை, மரம் எல்லாம். அவசரப்பட்டு மலையைக் கட்டிவிட்டுக் குகைக்குள் ரயில் கவிழ்ந்தால், கையை விட்டு எடுக்க முடியாது! ஏற்றமும் ஜாஸ்தி வேண்டாம். பல்சக்கரம் இல்லாத குட்டி என்ஜினுக்கு ஒரு மீட்டருக்கு இரண்டு, மூன்று சென்டிமீட்டர்தான் எல்லை.

மலைக்குத் தெர்மோகோலை அடுக்கி, மேலே பழைய பேப்பர்த் துண்டுகளை மைதாப் பசையில் நனைத்து ஒட்டுங்கள். காய்ந்ததும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஒரு பூச்சு. பச்சைச் சாயம் ஏற்றிய மரத்தூள் புல்லாகும். வடிகட்டிய டீத்தூளைக் காயவைத்தால் செம்மண். ஈர்க்குச்சியும் பச்சைக் காகிதமும் தென்னை மரம். வரிவரியாக மடிந்த அட்டை ஓட்டுக் கூரை.

அப்புறம், உங்கள் அப்பாரு கவலை இறைத்த கிணறு, திண்ணை வைத்த வீடு, மில் புகைபோக்கி, பல்லடம் பக்கத்துக் காற்றாலை... ஒவ்வொன்றாக வரட்டும். "இது என்ன தாத்தா?" என்று பேரன் கேட்பான். கவலை இறைத்த கதையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்குமா?

உடம்புக்கு என்ன லாபம்?

சின்னப் பொருளை எடுப்பது, பிடிப்பது, பொருத்துவது எல்லாம் விரல்களுக்குப் பயிற்சி. கைக்குச் செயல்பாடு திரும்ப, தொழில்வழிச் சிகிச்சை நிபுணர்கள் இதே மாதிரி வேலைகளைத்தான் கொடுக்கிறார்கள். பக்கவாதத்துக்குப் பிறகு கை தேறி வருகிறவர்கள் தங்கள் சிகிச்சையாளரிடம் கேட்டுக்கொண்டு செய்யலாம்.

மனசு ஒரே வேலையில் லயித்து, நேரம் போவதே தெரியாத அந்த நிலையைப் பற்றி மிஹாய் சிக்சென்ட்மிஹாயி என்ற உளவியல் அறிஞர் 1990-ல் புத்தகமே எழுதினார். வேலை ரொம்பச் சுலபமாக இருந்தால் சலிப்பு, ரொம்பக் கஷ்டமாக இருந்தால் பயம். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் லயிப்பு வரும் என்பது அவர் கருத்து. குட்டி ரயில் அந்த நடு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் ஆசை இல்லை, "நான் இருந்து என்ன?" என்ற பேச்சு... இப்படி இருந்தால் ரயில் செட் வாங்கிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். உடனே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். ஹாபி துணைக்குத்தான், சிகிச்சைக்குப் பதிலாக ஆகாது.

ஜாக்கிரதை... ஜாக்கிரதை!

* பட்டன் பேட்டரி குழந்தை கைக்கு எட்டவே கூடாது. விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துவிடலாம். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். குட்டிக் காந்தமும் இதே அளவு ஆபத்து.

* உடனே ஒட்டும் பசை விரலில் ஒட்டினால் பிய்க்காதீர்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவிட்டு மெதுவாகப் பிரியுங்கள். பஞ்சிலோ பருத்தித் துணியிலோ அது கொட்டினால் திடீரென்று சூடேறும், தோல் புண்ணாகிவிடும். கண்ணில் பட்டால் டாக்டரிடம்தான் போக வேண்டும்.

* சால்டரிங் புகை ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. ஜன்னலைத் திறந்துவையுங்கள். ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிடக் கூடாது.

* சர்க்கரை நோயால் விரல் மரத்துப்போனவர்களுக்குச் சுட்டதும் வெட்டியதும் தெரியாது. சூட்டுக்கோல், பிளேடு வேலைகளை வேறு ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

* பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இறுகும்போது கொதிக்கும். கையை அதில் புதைத்து வைக்காதீர்கள். மிச்சத்தை சிங்க்கில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

* கன்ட்ரோலரைத் திறந்து நோண்டவோ, வீட்டு மின்சாரத்தை நேராகத் தண்டவாளத்துக்குக் கொடுக்கவோ நினைக்கவே கூடாது.

கேட்பீர்கள், தெரியும்!

கண் மங்கலாகத் தெரிகிறதே?
நாற்பது வயதுக்கு மேல் கிட்டப் பார்வை குறைவது இயல்பு. முதலில் கண்ணைப் பரிசோதித்துச் சரியான கண்ணாடி போடுங்கள். லைட் வைத்த பூதக்கண்ணாடியும் உதவும். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை, இருபது அடி தள்ளி இருப்பதை இருபது விநாடி பாருங்கள்.

முதுகு வலிக்குமே?
பலகையை முழங்கை உயரத்துக்கு வையுங்கள், குனிய வேண்டியிருக்காது. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடமாடுங்கள். காலை நடையை இதற்காக நிறுத்தக் கூடாது.

பேரன் உடைத்துவிட மாட்டானா?
உடைப்பான். உடைந்ததை அவனையே உட்கார வைத்து ஒட்டச் சொல்லுங்கள். திட்டினால் மறுபடி போனுக்குத்தான் போவான்.

வீட்டம்மா ஒத்துக்கொள்வாரா?
முதல் செலவுக்கு முணுமுணுப்பு இருக்கும். ஸ்டேஷனுக்குப் பேர் வைக்கிற வேலையை அவரிடம் விட்டுப் பாருங்கள். அவர் பிறந்த ஊர்ப் பேர் வைத்தாரென்றால் அப்புறம் கவலையே இல்லை!

இந்த ஞாயிற்றுக்கிழமை பெரிதாக ஒன்றும் வாங்க வேண்டாம். ஓர் அட்டை, ஒரு ஸ்கேல், ஒரு கத்தரி. ஓர் அடிக்கு மூன்றரை மில்லிமீட்டர் கணக்கில் நீங்கள் பிறந்து வளர்ந்த வீட்டை வரைந்து, வெட்டி, மடித்து நிறுத்துங்கள். ரயில் மெதுவாக வரட்டும்!