கொதிக்கும் குதிரைகள்

அறுபதுகளின் அமெரிக்க மஸில் கார்கள் இன்றும் தெருவில் உறுமுகின்றன, பந்தயப் பாதையில் பறக்கின்றன. ஆனால் அவற்றின் இன்ஜினைக் குளிர்ச்சியாக வைத்திருப்பதற்குள் உரிமையாளர்களுக்கு வியர்த்துவிடுகிறது.

ஆகஸ்ட் மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை. டெட்ராய்ட் நகருக்கு வடக்கே உட்வர்ட் அவென்யூவில் ஆயிரக்கணக்கான பழைய கார்கள் நத்தை வேகத்தில் ஊர்கின்றன. 1995இல் தொடங்கிய 'உட்வர்ட் ட்ரீம் க்ரூஸ்' அணிவகுப்பு. கொரோனா ஆண்டான 2020இல் மட்டும் இது நடக்கவில்லை. சாலையோரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் கூட்டம் பளபளக்கும் பெயின்ட்டைப் பார்க்கிறது, எட்டு சிலிண்டர்களின் உறுமலைக் கேட்கிறது. ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவருக்கு அந்த சுகமெல்லாம் இல்லை. அவரது ஒரு கண் முன்னால் நிற்கும் காரின் மீது. இன்னொரு கண் டாஷ்போர்டில் மெல்ல வலப்பக்கம் சாயும் சிறு முள்ளின் மீது. பிற்பகலுக்குள் சில கார்கள் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஓரமாக நின்றுவிடுகின்றன. ஆவி பறக்கிறது.

ஊட்டி மலைப்பாதையில் அம்பாசடரை நிறுத்தி, தண்ணீர் கேனோடு காத்திருந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. ஆனால் அம்பாசடரின் பழைய இன்ஜின் வெறும் ஒன்றரை லிட்டர். 1964இல் பான்டியாக் கம்பெனி வெளியிட்ட ஜிடிஓவின் இன்ஜின் 389 கன அங்குலம். அதாவது 6.4 லிட்டர், எட்டு மாருதி 800 இன்ஜின்களை ஒன்றாகச் சேர்த்தது போல. நடுத்தர கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் வைக்கக்கூடாது என்று தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ் விதித்திருந்தது. தலைமை இன்ஜினியர் ஜான் டிலோரியனும் அவரது குழுவினரும், பெரிய இன்ஜினை 'கூடுதல் வசதி' என்று விலைப்பட்டியலில் நுழைத்து அந்த விதியைத் தாண்டினார்கள். வாங்குபவர்கள் குவிந்தார்கள். மற்ற கம்பெனிகள் சும்மா இருக்குமா? 1966இல் க்ரைஸ்லர், 425 குதிரைசக்தி கொண்ட ஏழு லிட்டர் ஹெமி இன்ஜினைத் தெருவுக்கே கொண்டுவந்தது. இன்ஷூரன்ஸ் கட்டணமும் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களும் 1973இன் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்து இந்தக் கூத்தை முடித்துவைத்தன.

இதில் சிக்கல் எங்கே வந்தது என்றால், இன்ஜின் வளர்ந்த அளவுக்குக் காரின் மூக்கு வளரவில்லை. எரியும் பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தை நோக்கிப் போகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. மிச்சத்தின் பெரும்பகுதியைத் தண்ணீர்தான் சுமக்க வேண்டும். 300 குதிரைசக்தியை முழுமூச்சில் பிழியும்போது, வீட்டில் வெந்நீர் போடும் ஒரு கிலோவாட் இம்மர்ஷன் ராடுகள் சுமார் 150ஐ ஒரே பாத்திரத்தில் போட்டதற்குச் சமமான வெப்பம் அந்தச் சில லிட்டர் தண்ணீரில் இறங்குகிறது. அதை வெளியே தள்ள இருப்பது முன்பக்கத்தில் ஒரு ரேடியேட்டர். மஸ்டாங் போன்ற கார்களில் அதற்கான இடமும் குறுகல்.

கொதித்தால் என்ன, ஆறவைத்து ஓட்டலாமே என்று கேட்கலாம். அம்பாசடருக்கு அது சரி. இங்கே கதை வேறு. 1968 மாடல்கள் முதல் சேஸிஸ் எண்ணின் ஒரு பகுதி இன்ஜினிலும் பொறிக்கப்பட்டது. காரோடு பிறந்த அதே இன்ஜின் என்று காட்டும் அந்த எண்ணுக்குத்தான் இன்று விலை. 1971ஆம் ஆண்டின் ஹெமி 'கூடா கன்வர்ட்டிபிள் ஒன்று 2014இல் சியாட்டில் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது. எல்லா கார்களும் அந்த விலைக்குப் போவதில்லை. ஆனால் அளவுக்கு மீறிச் சூடான வார்ப்பிரும்பு விரிசல் விட்டால், புது இன்ஜின் வாங்கிப் பொருத்திவிடலாம், அந்த எண்ணை வாங்க முடியாது. டாஷ்போர்டு முள் மீது உரிமையாளருக்கு இருக்கும் பயத்தின் காரணம் இதுதான்.

அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் கேட்பது ஒரே ஒரு கேள்வி: எப்போது சூடாகிறது? சிக்னலில் நிற்கும்போது ஏறி, வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்கினால் கோளாறு காற்றில். நெடுஞ்சாலையில் ஓட ஓட ஏறினால் கோளாறு தண்ணீரில். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் ஆயிரம் டாலருக்குப் புது ரேடியேட்டர் வாங்கி ஏமாந்தவர்கள் ஏராளம்.

முதலில் காற்று. மணிக்கு 50, 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் எதிர்க்காற்றே போதும், ஃபேனுக்கு வேலையில்லை. உட்வர்ட் அவென்யூவில் அந்த வேகத்துக்கு வழியில்லை. அங்கே ஃபேன்தான் கதி. ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே ஷ்ரவுட் எனப்படும் கூடு இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஃபேன் தன்னைச் சுற்றியிருக்கும் சூடான காற்றையே திரும்பத் திரும்பக் கடையும். பழைய கார்களில் யாரோ ஒரு மெக்கானிக் எப்போதோ கழற்றி மூலையில் எறிந்துவிட்ட முதல் பொருள் இந்தக் கூடுதான். இறக்கைகள் பாதி கூட்டுக்கு உள்ளேயும் பாதி வெளியேயும் நிற்பது உத்தமம். ரேடியேட்டரின் ஓரங்களில் இருக்கும் இடைவெளிகளையும் ரப்பர் வைத்து அடைக்க வேண்டும். காற்று சோம்பேறி, சுற்றிப் போக வழியிருந்தால் ரேடியேட்டருக்குள் நுழையாது.

யாரும் சந்தேகிக்காத குற்றவாளி ஒன்று உண்டு: இக்னிஷன் டைமிங். பொறி தாமதமாக விழுந்தால் பெட்ரோல் தாமதமாக எரிந்து, நெருப்பு எக்ஸாஸ்ட் வால்வு வரை வந்து சிலிண்டர் ஹெட்டைச் சுடும். புகையைக் குறைப்பதற்காக எழுபதுகளை ஒட்டி இன்ஜினியர்கள் நின்றோடும் வேகத்தில் பொறியை வேண்டுமென்றே தாமதப்படுத்தினார்கள். அதனால் சூடு ஏறும் என்று அவர்களுக்கே தெரியும். எனவே தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் டிஸ்ட்ரிபியூட்டருக்கு வேக்குவத்தைத் திருப்பிவிட்டு டைமிங்கை முன்னால் தள்ளும் சிறு வால்வு ஒன்றையும் பல கார்களில் வைத்தார்கள். ஐம்பது வருஷத்தில் அந்த வால்வு செத்துப்போயிருக்கும், அல்லது அதன் குழாய் எங்கோ மாட்டப்பட்டிருக்கும். ஒரு சின்ன ரப்பர் குழாயை இடம் மாற்றியதில் கொதிப்பு அடங்கிய கார்கள் உண்டு.

அடுத்து தண்ணீர். வாட்டர் பம்ப் ரேடியேட்டரின் அடிப்பக்க ஹோஸ் வழியாகத்தான் உறிஞ்சுகிறது. ஹோஸ் தளர்ந்திருந்தால் வேகம் கூடும்போது உள்ளுக்குள் ஒட்டிக்கொள்ளும். வண்டியை நிறுத்திப் பானெட்டைத் திறந்தால் ஒன்றும் தெரியாதவன் போலப் பழைய உருவத்துக்கு வந்திருக்கும். ஹோஸுக்குள் ஒரு சுருள் கம்பி வைத்தால் தீர்ந்தது. பான்டியாக் இன்ஜின்களில் இன்னொரு வம்பு. பம்பின் சக்கரத்துக்கும் அதன் பின்னால் இருக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளி அதிகமானால் தண்ணீர் முன்னே போகாமல் அங்கேயே சுழலும். தகட்டை லேசாக வளைத்து அருகே கொண்டுவருவது பழைய கைகளின் வித்தை.

செவர்லே 1970இல் கொண்டுவந்த 400 கன அங்குல இன்ஜினில் சிலிண்டர்கள் ஒட்டிப் பிறந்த இரட்டையர் மாதிரி. நடுவே தண்ணீர் ஓட இடமில்லை. அங்கே சேரும் ஆவி மேலேறிப் போவதற்காக ஹெட்டில் சிறு துளைகள் உண்டு. சக்தியைக் கூட்டும் ஆசையில் 350 இன்ஜினின் ஹெட்டை எடுத்து மாட்டுகிறவர்கள் அந்தத் துளைகளைப் போட மறந்துவிட்டால், எத்தனை பெரிய ரேடியேட்டரும் காப்பாற்றாது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தால் குளிர்ந்துவிடும் என்பது நம் ஊர் ஒர்க்‌ஷாப்களிலும் கேட்கிற யோசனை. அமெரிக்காவில் இதற்கு நேரெதிரான நம்பிக்கையும் உண்டு: கழற்றினால் தண்ணீர் வேகமாக ஓடிவிடும், ரேடியேட்டரில் சூட்டை இறக்கிவைக்க நேரம் கிடைக்காது என்று. இது தவறு. தண்ணீர் சுற்றிச் சுற்றித்தானே வருகிறது. வேகமாக ஓடினால் வெப்பம் அதிகமாகவே கைமாறும். ஆனாலும் கழற்றிய சிலருக்குச் சூடு ஏறியது நிஜம். தெர்மோஸ்டாட்டின் குறுகிய வாய் இன்ஜினுக்குள் தண்ணீரின் அழுத்தத்தைச் சற்று உயர்த்தி, ஹெட்டில் சூடான இடங்களில் ஆவிக் குமிழிகள் ஒட்டாமல் தடுக்கிறது. வாய் போனால் அந்த அழுத்தமும் போய்விடும். பந்தயக்காரர்கள் தெர்மோஸ்டாட்டை எடுத்தாலும் அந்த இடத்தில் ஓட்டை போட்ட வளையம் ஒன்றை வைப்பது இதனால்தான்.

ரேடியேட்டர் மூடியும் அழுத்தத்தை வைத்தே பிழைக்கிறது. சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில் தண்ணீர் 121 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். சரிபாதி எத்திலீன் கிளைக்கால் கலந்தால் 129. கொதிநிலையை உயர்த்தினாலும் வெப்பத்தைச் சுமப்பதில் கிளைக்கால் வெறும் தண்ணீரை விட மட்டம்தான். ருசியில் இனிப்பு, உள்ளே போனால் விஷம். கராஜில் சிந்தியதை நக்கி உயிர்விட்ட நாய்கள் உண்டு.

பந்தயப் பாதையில் அதே கிளைக்கால் வேறு காரணத்துக்காக வேண்டாதது. கொட்டினால் தார் வழுக்கும், அடுத்து வருகிறவர் சுழன்றுவிடுவார். பல பாதைகளில் அதற்குத் தடை. தண்ணீரோடு துரு பிடிக்காத மருந்தைக் கலந்து ஓட்ட வேண்டும்.

பாதையில் கணக்கே மாறுகிறது. காற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால் 20 நிமிஷம் ஆக்ஸிலரேட்டரில் கால் அழுந்தியிருக்கும். தெருவில் காட்டிக்கொள்ளாத இன்ஜின் ஆயில், இங்கே தண்ணீருக்கு முன்பே எல்லை மீறும். கரோல் ஷெல்பி 1965இல் மஸ்டாங்கைப் பந்தயத்துக்குத் தயாரித்தபோது முன் பம்பரையே எடுத்துவிட்டு, பெரிய வாய் வைத்த ஃபைபர்கிளாஸ் முகத்தை மாட்டினார். ரேடியேட்டருக்கும் ஆயில் கூலருக்கும் காற்று போக வேண்டுமே.

பானெட்டின் பின்பக்கத்தை வாஷர் வைத்துச் சற்றுத் தூக்கிவிட்டால் சூடான காற்று வெளியேறும் என்று நினைப்பவர்கள் உண்டு. நின்றுகொண்டிருக்கும்போது வெளியேறும். வேகத்தில் நடப்பது தலைகீழ். கண்ணாடியின் அடியில் காற்றழுத்தம் அதிகம். வெளிக்காற்று உள்ளே நுழைந்து ரேடியேட்டரின் காற்றை எதிர்த்துத் தள்ளும். செவர்லே கம்பெனி 1969 கமாரோவில் கார்புரேட்டருக்குக் காற்று எடுத்ததே அந்த இடத்திலிருந்துதான். வாஷர் வைப்பதை விட, ரேடியேட்டருக்குக் கீழே ஒரு தடுப்புப் பலகை வைத்தால் பலன் அதிகம்.

கால் மைல் டிராக் பந்தயத்தில் இந்த வம்புகள் பாதி இல்லை. 12, 13 விநாடிகளில் ஓட்டம் முடிந்துவிடும். சுற்றுக்குச் சுற்று இடையில் இன்டேக் மேனிஃபோல்டின் மேல் ஐஸ் மூட்டையை வைத்துக் காத்திருக்கிறார்கள். பார்க்க ஜுரக்காரருக்குப் பற்றுப் போட்டது மாதிரி இருக்கும். அந்தப் பந்தயத்தின் உச்சியில் இருக்கும் டாப் ஃப்யூயல் வண்டிகளின் இன்ஜினில் தண்ணீரே கிடையாது. அளவுக்கு அதிகமாகப் பாயும் நைட்ரோமீத்தேனே அதைக் குளிர்விக்கிறது. ஓட்டம் சில விநாடிகள்தான். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் இன்ஜினைப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டுகிறார்கள்.

உட்வர்ட் அவென்யூவில் அப்படிப் பிரிக்க முடியாது. அங்கே நின்றுபோனவர், ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டு, அந்த ஆகஸ்ட் வெயிலில் காருக்குள் வெந்து பார்த்தும் முள் இறங்காமல் ஓரம் கட்டியவர். ரேடியேட்டர் மூடியில் கைவைக்க அவர் அவசரப்படுவதில்லை. மூடியைத் திறந்த கணமே அழுத்தம் போய், உள்ளே 100 டிகிரியைத் தாண்டியிருக்கும் தண்ணீர் மொத்தமும் பொங்கி முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைத் துணியால் பிடித்து அழுத்திப் பார்க்கிறார். இன்னும் கல்லாக இருக்கிறது. பக்கத்தில் நாற்காலி போட்டிருந்த குடும்பம் அவருக்கும் ஒரு நாற்காலியை விரித்துப் போடுகிறது. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது.