தாத்தா கையெழுத்துப் போட்டாரா? பேரனுக்கு பீஸ் மிச்சம்!

காரைக்கால் சுரக்குடியில் பக்கத்து வீட்டுப் பையன்கள் இருவர் பாரீசுக்குப் படிக்கப் போவதாக வைத்துக்கொள்வோம். ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. ஆனால் பீஸ் வேறே!

1962 ஆகஸ்டு 16-ந்தேதி பிரெஞ்சுப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தன. பிரெஞ்சுக் குடியுரிமை கேட்போருக்கு 6 மாத கெடு. சிலர் எழுதிக் கொடுத்தனர். பலர், 'நமக்கெதுக்கு?' என்று இருந்து விட்டனர்.

2019-ல் வந்தது வினை! பிரான்சின் அரசு பல்கலைக்கழகங்களில், ஐரோப்பிய யூனியனுக்கு வெளியே இருந்து வரும் புது மாணவர்களுக்குப் பட்டப்படிப்புக் கட்டணம் ஆண்டுக்கு 2,770 யூரோ ஆனது. பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருந்தவர்களுக்கோ 170 யூரோதான்!

வழி இல்லாமல் இல்லை. சில பல்கலைக்கழகங்கள் இந்த உயர்வில் இருந்து விலக்கு தருகின்றன. இரு பல்கலைக்கழகங்களின் பரிமாற்ற ஒப்பந்தப்படி ஒரு செமஸ்டர் மட்டும் போகிறவர்கள், வழக்கமாக இங்கே கட்டும் பீசோடு சரி. பணம் கட்டுமுன் விசாரிப்பது நல்லது!