வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் ஒரு சிவப்பு சிக்னல்

நம் சங்கத்து அன்பர்களில் பெரும்பாலோர் வீட்டில் இன்று ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. வெளிநாடு போன பிள்ளை விட்டுச் சென்றதாகவோ, லாமிங்டன் ரோட்டில் பேரம் பேசி வாங்கியதாகவோ இருக்கும். பாங்க் கணக்குப் பார்ப்பது, ரயில் டிக்கெட் எடுப்பது, மின்சார பில் கட்டுவது, பேரக் குழந்தைகளின் போட்டோக்களைச் சேர்த்து வைப்பது எல்லாம் அதில்தான். "கம்ப்யூட்டரில் வைரஸ் வந்துவிட்டது போலிருக்கிறது சார், கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்று என்னைக் கூப்பிடுகிறவர்களும் உண்டு. ரயில்வே சிக்னல் இலாகாவில் காலம் தள்ளியவனுக்கு மின்சாரத்தில் ஓடும் எல்லாப் பெட்டிகளும் அத்துப்படி என்பது பொதுவான நம்பிக்கை!

அப்படிப் போய்ப் பார்த்ததில் ஒரு விஷயம் எனக்குத் தெளிவாயிற்று. பூட்டை உடைத்துக்கொண்டு உள்ளே நுழைந்த வைரஸ் குறைவு. பெரும்பாலானவை பிரவுசர் வழியாக, வீட்டுக்காரரே 'சரி' என்ற பட்டனை அழுத்தி உள்ளே அழைத்தவை. அதற்காக அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. "ஜாக்கிரதையாக இருங்கள்" என்று உபதேசம் செய்வதிலும் பயனில்லை. எந்த மனிதனும் இருபத்து நான்கு மணி நேரமும் ஜாக்கிரதையாக இருக்க முடியாது. ரயில்வேயில் டிரைவரின் ஜாக்கிரதையை மட்டும் நம்பி யாரும் வண்டி விடுவதில்லை.

தண்டவாளத்தில் ஒரு மெல்லிய மின்சாரம் ஓடி, ஒரு ரிலேயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். வண்டி அந்த இடத்தில் ஏறியதும் அதன் சக்கரமும் அச்சும் மின்சாரத்தைக் குறுக்கே திருப்பிவிடும். ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். வயர் அறுந்தாலும் ரிலே விழும், பாட்டரி தீர்ந்தாலும் விழும். எதில் கோளாறு வந்தாலும் சிக்னல் சிவப்பில் போய் நிற்க வேண்டும் என்பதுதான் எங்கள் இலாகாவின் அரிச்சுவடி. வீட்டுக் கம்ப்யூட்டரையும் இப்படியே அமைத்துக்கொள்ளலாம். அதற்குப் பணம் அதிகம் ஆகாது.

முதல் வேலை, அக்கவுண்ட். கம்ப்யூட்டரை வாங்கியதும் விண்டோஸில் ஒரே ஒரு அக்கவுண்ட் இருக்கும். அது 'அட்மினிஸ்ட்ரேட்டர்', அதாவது சகல அதிகாரமும் படைத்தது. மின்னஞ்சல் பார்ப்பதும் சினிமா பார்ப்பதும் அந்த அதிகாரத்தோடுதான் நடக்கின்றன. 'ஸ்டாண்டர்டு' என்ற வகையில் இன்னொரு அக்கவுண்ட் உண்டாக்கி, அன்றாட வேலைகளை அதில் செய்யுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி பீரோவில் வைத்துவிடுங்கள். அதன் பிறகு கம்ப்யூட்டர் முழுவதையும் தொடக்கூடிய எந்தப் புரோகிராம் உள்ளே வரப் பார்த்தாலும் அந்தப் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கும். ஒற்றைப் பாதையில் டோக்கன் பந்து கைக்கு வராமல் டிரைவர் வண்டியை எடுக்க முடியாதல்லவா, அதுபோலத்தான். எழுந்து போய் பீரோவைத் திறக்கும் அந்த இரண்டு நிமிஷத்தில் பல பேருக்குப் புத்தி தெளிந்துவிடும். இது முழுக் காப்பு அல்ல. உங்கள் சொந்த ஃபைல்களையும் பிரவுசரையும் கெடுக்கக்கூடியவை இதையும் தாண்டி வரலாம். ஆகவே பிரவுசரைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

செம்பூரில் எனக்குத் தெரிந்த ஒரு அம்மாள், ஓய்வு பெற்ற ஆசிரியை. ஒரு நாள் சமையல் குறிப்பு தேடிக்கொண்டிருந்தபோது திரை முழுவதும் சிவப்பாகி, சைரன் போலச் சத்தம் எழுந்தது. 'உங்கள் கம்ப்யூட்டர் முடக்கப்பட்டுள்ளது, அணைக்காதீர்கள், உடனே கூப்பிடுங்கள்' என்று ஒரு டெலிபோன் நம்பர். கூப்பிட்டார். மறுமுனையில் பேசியவன் மிகவும் மரியாதையாகப் பேசி, தொலைவிலிருந்தே கம்ப்யூட்டரை இயக்கும் புரோகிராம் ஒன்றை ஏற்றச் சொன்னான். பிறகு கட்டணத்துக்காக பாங்க் தளத்தைத் திறக்கச் சொன்னான். ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய் போயிற்று. அதைவிட, பிள்ளையிடம் சொல்லக் கூசி மூன்று மாதம் மனதுக்குள்ளேயே வைத்திருந்தாரே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. முப்பது வருஷம் வகுப்பை ஆண்டவர் அவர். இது பயத்தை வைத்துப் பிழைக்கிறவர்களின் தொழில், அறிவுக் குறைவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

உண்மையில் அந்த நேரத்தில் அவருடைய கம்ப்யூட்டரில் வைரஸே இல்லை. அது வெறும் விளம்பரப் பக்கம், சைரன் அதன் பாட்டு. மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கை எதிலும் டெலிபோன் நம்பர் இருக்காது. நம்பர் இருந்தாலே போலி என்று முடிவு கட்டிவிடலாம். எஸ்கேப் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் முழுத்திரை சுருங்கும். ஆல்ட், எஃப்4 இரண்டையும் சேர்த்து அழுத்தினால் பிரவுசர் மூடிக்கொள்ளும். அதற்கும் மசியாவிட்டால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து நிறுத்திவிடுங்கள். மறுபடி திறக்கும்போது 'பழைய பக்கங்களைத் திரும்பக் கொண்டுவரட்டுமா' என்று பிரவுசர் கேட்டால் வேண்டாம் என்று விடுங்கள்.

திரையின் மூலையில் ஓயாமல் வந்து விழும் 'வைரஸ் எச்சரிக்கை' சீட்டுகளும் இதே ரகம். எப்போதோ ஏதோ ஒரு தளம் 'நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா' என்று கேட்டு, நாம் 'அலவ்' என்று சொன்னதன் பலன். குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று வரிசையாகப் போய் எல்லாத் தளங்களுக்கும் அனுமதி மறுத்துவிட்டால் தொல்லை விட்டது.

எக்ஸ்டென்ஷன் என்று பிரவுசரோடு ஒட்டவைக்கும் சிறு புரோகிராம்கள் இன்னும் பொல்லாதவை. இவற்றில் பல, 'நீங்கள் பார்க்கும் எல்லாத் தளங்களிலும் உள்ள விவரங்களைப் படிக்கவும் மாற்றவும்' அனுமதி கேட்கும். பாங்க் பக்கமும் அதில் சேர்ந்ததே. இன்று நல்லதாக இருப்பது நாளை கை மாறலாம். 'தி கிரேட் சஸ்பெண்டர்' என்ற பெயர் பெற்ற எக்ஸ்டென்ஷன் 2020-ல் வேறொருவரிடம் போயிற்று. 2021 பிப்ரவரியில் அதில் மால்வேர் இருப்பதாகச் சொல்லி கூகுளே அதை நீக்கியது. எதற்கென்று தெரியாத எக்ஸ்டென்ஷன் உங்கள் பிரவுசரில் இருந்தால் தயங்காமல் எடுத்துவிடுங்கள்.

'பூட்டுப் படம் இருந்தால் நல்ல தளம்' என்று ஒரு காலத்தில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். நாம் அனுப்பும் விவரத்தை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதற்கு மட்டுமே அந்தப் பூட்டு அடையாளம். போய்ச் சேரும் இடம் திருடன் வீடா என்பதை அது சொல்லாது. திருடர்களும் பூட்டுப் படத்தோடு தளம் நடத்துகிறார்கள். இந்தக் குழப்பத்தால்தான் குரோம் 2023 செப்டம்பரில் அந்தப் படத்தையே எடுத்துவிட்டது. பூட்டைப் பார்ப்பதைவிட முகவரியைப் படியுங்கள். மகாராஷ்டிராவில் குடும்பப் பெயர் கடைசியில் வருவதுபோல, தளத்தின் சொந்தக்காரர் பெயரும் கடைசியில்தான் வரும். தளப் பெயருக்கு அடுத்து வரும் சாய்கோட்டிலிருந்து வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். முன்னால் உங்கள் பாங்கின் பெயரும், பின்னால் கேள்விப்படாத ஏதோ பெயரும் டாட் காமும் இருந்தால் அது அந்தக் கேள்விப்படாத ஆசாமியின் வீடு. நம் பாங்குகளெல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் 'டாட் பாங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் பாங்க் உத்தரவிட்டது நல்ல காரியம். பார்க்க வேண்டிய வால் இப்போது ஒன்றே ஒன்று.

அப்டேட் வரும்போது 'பிறகு பார்க்கலாம்' என்று தள்ளிப் போடுகிறவர்களுக்கு ஒரு ரயில்வே கதை. 2017 மே 12 அன்று 'வான்னக்ரை' என்ற வைரஸ் உலகெங்கும் பரவியது. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரகம். இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளே ஸ்தம்பித்தன. ஜெர்மன் ரயில்வேயின் ஸ்டேஷன்களில் வண்டி வரும் நேரம் காட்டும் போர்டுகளில் பணம் கேட்கும் நோட்டீஸ் தெரிந்தது. ஆனால் வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அந்த வைரஸ் நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. ஏறக்குறைய இரண்டு மாதம் கையில் இருந்தும் போடாதவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொண்டார்கள்.

நம் வீடுகளில் இன்னும் ஓடும் பல கம்ப்யூட்டர்கள் விண்டோஸ் 10 வைத்தவை. அதற்கான வழக்கமான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-ஐ ஏற்குமானால் மாறிவிடுங்கள். ஏற்காத பழைய பெட்டியில் லினக்ஸ் மின்ட் போடலாம், காசில்லை, பிரவுசர் வேலைக்குத் தாராளமாகப் போதும். கடைக்காரர் 'கிராக்' செய்த விண்டோஸை இனாமாகப் போட்டுத் தருகிறேன் என்றால் மட்டும் வேண்டாம். பூட்டை உடைத்துத் தந்தவன் வேறென்ன உள்ளே வைத்தான் என்று யார் கண்டது? தனியாக ஆன்டிவைரஸ் வாங்கத்தான் வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். விண்டோஸோடு வரும் டிஃபெண்டரை நிறுத்தாமல், அப்டேட்டோடு வைத்திருந்தால் சாதாரண வீட்டுக்கு அது போதும் என்பது என் அபிப்பிராயம்.

இத்தனையும் மீறி ஏதாவது நடந்தால்? போட்டோக்களையும் பத்திரங்களின் நகல்களையும் வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் மாதம் ஒரு முறை பதிவு செய்து, கையோடு கழற்றி பீரோவில் வையுங்கள். செருகியே வைத்தால் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். பணம் போய்விட்டால் முதலில் இன்டர்நெட் இணைப்பைத் துண்டித்து, டெலிபோனில் 1930-ஐக் கூப்பிடுங்கள், பிறகு பாங்கையும் கூப்பிடுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் தகவல் போனால் நிறுத்தி வைக்க வழி உண்டு. செம்பூர் அம்மாள் அன்று மாலையே 1930-க்குச் சொல்லிவிட்டபடியால் நாற்பதாயிரம் நடுவழியில் நிறுத்தப்பட்டுத் திரும்பி வந்தது. இப்போது அவர் கம்ப்யூட்டரில் ஸ்டாண்டர்டு அக்கவுண்ட் இருக்கிறது. பாஸ்வேர்டு நோட்டு பூஜை அலமாரியில், சுவாமி படத்துக்குப் பின்னால்.