எலும்பு எந்த வேலையைக் கணக்கில் எடுக்கும்?

ஆம்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பகுதியை (அப்பர்) தைப்பவர். மாதவிடாய் நின்று சில ஆண்டுகள் ஆகின்றன. "எலும்பு தேயுது, உடற்பயிற்சி செய்யுங்கன்னு டாக்டர் சொல்றார். காலையிலிருந்து மெஷின்ல உழைக்கிறேனே, அது போதாதா?"

போதாது அம்மா. காரணம் விந்தையானது.

1984இல் ரூபின், லான்யன் என்ற இரு ஆய்வாளர்கள் பறவைகளின் சிறகெலும்புக்கு அன்றாட அசைவை நிறுத்திவிட்டு, அளந்து சுமை கொடுத்துப் பார்த்தார்கள். சுமையே இல்லாத எலும்பு கரைந்தது. நாளுக்கு 4 முறை அழுத்தியதும் கரைவது நின்றது. 36 முறை அழுத்தியபோது புது எலும்பு வளர்ந்தது. 1,800 முறை அழுத்தியும் அதற்கு மேல் வளரவில்லை! விட்டுவிடாமல் ஒரே சீராக அழுத்திய சுமையோ கரைவதைத் தடுக்கவே இல்லை.

எலும்புக்குள் புதைந்திருக்கும் செல்கள் நுண்குழாய்களில் நீர் நகர்வதைக் கொண்டுதான் சுமையை உணர்கின்றன. சுமை ஏறி இறங்கினால்தான் நீர் நகரும். அதுவும் சில டஜன் தடவைக்குப் பிறகு அவை மரத்துப்போகும். திரும்ப விழிக்கச் சில மணி நேர ஓய்வு வேண்டும். சின்ன வயதில் அம்மா தெருவில் நின்று கூப்பிடும்போது முதல் இரண்டு குரல்தான் என் காதில் விழும், அப்படி. மணிக்கணக்கில் ஒரே இடத்தில் உட்காருவதும் நிற்பதும் உடம்பைக் களைக்க வைக்கும்; எலும்புக்கு அது செய்தியே அல்ல.

நடை இதயத்துக்கு நல்லது, முதுகெலும்புக்கு அதனால் பெரிய பலனில்லை. நீச்சலும் சைக்கிளும் எலும்பைப் பொறுத்தவரை அதற்கும் கீழே. பளு தூக்குவதுதான் பேசுகிறது. ஆஸ்திரேலியாவில் எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்களை வைத்து நடத்தி 2018இல் வெளியான ஆய்வில், கண்காணிப்போடு வாரம் இருமுறை அரை மணி நேரம் கனமான பளு தூக்கியவர்களுக்கு எட்டு மாதத்தில் இடுப்புப்பகுதி முதுகெலும்பின் அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது. மற்றவர்களுக்குக் குறைந்தது.

வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில், மாதவிடாய் நின்ற பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு எலும்புப்புரை (ஆஸ்டியோபோரோசிஸ்) இருந்தது. உங்களைப் போன்ற பெண்களின் கையை நம்பி நடக்கும் தோல் தொழில், அவர்கள் எழுந்து அசைய நாளில் நாலைந்து முறை இடைவெளி விட்டால் என்ன குறைந்துவிடும்?

ஆரம்பத்துக்கு, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள். பழகியபின் சுமையைக் கூட்டுங்கள். ஏற்கெனவே எலும்புப்புரை இருந்தால் பிசியோதெரபிஸ்ட் பார்வையில்தான் பளுவும் குதிப்பும். முன்னால் குனிந்து செய்யும் பயிற்சிகள் வேண்டாம். அவற்றைச் செய்த எலும்புப்புரைப் பெண்களுக்கு முதுகெலும்பு முறிவு அதிகமானதை அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை அதே 1984இல் பதிவு செய்தது. மெஷின் உங்களை நாள் முழுக்க முன்னால்தானே வளைக்கிறது. வீட்டில் பாயில் குப்புறப் படுத்து, நெஞ்சை மெல்லத் தூக்கி இறக்குங்கள்.