பேட்டரி கார் சார்ஜ் ஏறலையா? புது செட் வாங்கும் முன் ஒரு மல்டிமீட்டர் எடுங்க

தீபாவளி லீவு முடிஞ்சு கம்பெனி திறக்கிற வாரத்துல நம்ம திருப்பூர்ல ஒரு செலவு தவறாம வரும். ரெண்டு வாரம் ஷெட்டுல நின்ன பேட்டரி காருக்கு சார்ஜர் போட்டா லைட்டே எரியாது. வந்து பார்க்கிறவர் "செட்டே போச்சுங்க" என்பார். செட் 50,000 ரூபாய்னு கொட்டேஷன் வந்தா, 18% ஜிஎஸ்டி சேர்த்து 59,000. வெளிநாட்டில் கோல்ஃப் கார்ட் என்று சொல்லும் இதே வண்டிதான் வண்டலூர் உயிரியல் பூங்காவிலும் ரயில்வே ஸ்டேஷன்களிலும் ஓடுது. இங்கே மில் வளாகத்துல பையரை ஏத்திட்டுப் போகும், பண்டலும் ஏத்தும்.

வீடியோல மீட்டர் வச்சுக் காட்டினது வேகமா போயிடுச்சு. இங்க நிதானமா பார்க்கலாம். நான் எலக்ட்ரீஷியன் இல்லை, ஆடிட்டர். ஆனா கொட்டேஷன்ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி எந்தக் கேள்வியைக் கேட்கணும்னு தெரிஞ்சா போதும்.

முதல்ல காசே செலவில்லாத இடம். பிளக் பாயின்ட்ல கரன்ட் வருதா? வேற ஏதாவது மெஷினை அதே பாயின்ட்ல போட்டுப் பாருங்க. அடுத்து சார்ஜரோட ஃபேனும் காத்துத் துளைகளும். நம்ம ஊர்ல பஞ்சுத் தூசி போகாத இடம் கிடையாது. அது அடைச்சா சார்ஜர் சூடாகி பாதியிலேயே நின்னுடும். சீட்டைத் தூக்கி டெர்மினல்களைப் பாருங்க. வெள்ளையா, பச்சையா பூத்திருந்தா கரன்ட் சரியா போகாது. மெயின் ஸ்விட்சை அணைச்சு, ஆப்ப சோடா கலந்த தண்ணியால துடைச்சு, காயவிட்டு, நட்டை இறுக்கினாலே சில வண்டி சரியாயிடும். கையில மோதிரம், காப்பு இருந்தா கழட்டிட்டுத்தான் ஸ்பேனரைத் தொடணும்.

அடுத்தது மீட்டர். 12 வோல்ட் பேட்டரி 4 சேர்ந்தா 48 வோல்ட் செட். முழு சார்ஜ்ல, சார்ஜரைக் கழட்டி ஒரு ராத்திரி விட்டப்புறம், லெட் ஆசிட் செட்டுல சுமார் 51 வோல்ட் காட்டணும். சார்ஜ் ஏறும்போது மெல்ல மெல்ல ஏறி, கடைசி நேரத்துல 57, 58 வரைக்கும் போகும். சார்ஜர் போட்டும் முள் அசையவே இல்லைன்னா, பேட்டரியைக் குத்தம் சொல்ல இன்னும் ஆதாரம் இல்லை.

தீபாவளி கேஸ் இங்கதான் வருது. நிறைய ஆட்டோமேட்டிக் சார்ஜர்கள் பேட்டரியில ஓரளவு வோல்டேஜ் இருந்தாத்தான் வேலையையே தொடங்கும். பாதி சார்ஜ்ல, மெயின் ஸ்விட்சைக்கூட அணைக்காம நிறுத்திட்டு எல்லாரும் ஊருக்குப் போயிட்டா, செட்டோட வோல்டேஜ் அந்த அளவுக்கும் கீழே இறங்கிடும். சார்ஜருக்கு எதிர்ல பேட்டரி இருக்கறதே தெரியாது. சார்ஜரும் நல்லது, பேட்டரியும் ஒருவேளை நல்லது, ஆனா ரெண்டும் சேராது. பேட்டரி கடைக்காரர்கிட்ட சொல்லி, இணைப்பைக் கழட்டி, ஒவ்வொண்ணா 12 வோல்ட் சார்ஜர்ல மெதுவா ஏத்தச் சொல்லுங்க. நாலும் எழுந்தா பழைய சார்ஜரே எடுத்துக்கும். ஏதாவது ஒண்ணு ரொம்ப சூடானாலோ அழுகின முட்டை வாடை அடிச்சாலோ உடனே நிறுத்திடணும். ரொம்ப நாள் காலியாவே கிடந்திருந்தா தட்டுல சல்பேட் கெட்டியாயிருக்கும், அது முழுசா திரும்பாது.

நாலையும் தனித்தனியா அளந்தா இன்னொரு விஷயம் தெரியும். மூணு பேட்டரி 12.6 காட்டி ஒண்ணு மட்டும் 10.5 காட்டினா, அதுல ஒரு செல் போயிருக்க வாய்ப்பு அதிகம். ஒரு செல்லுக்கு சுமார் 2.1 வோல்ட், கணக்கு சரியா வருதா பாருங்க. செட் புதுசா இருந்தா அந்த ஒண்ணை வாரன்டியில மாத்தலாம். மூணு வருஷம் ஓடின செட்டுல ஒரே ஒரு புதுசைச் சேர்த்தா, பழைய மூணும் அதையும் சீக்கிரம் கெடுத்துடும். அப்ப முழு செட்டுக்குக் காசு போடறதுதான் சரி.

தண்ணி விஷயத்துல நம்ம ஊருக்குன்னு ஒரு தனி எச்சரிக்கை. போர் தண்ணி உப்புன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா டையிங்ல இருந்து வர்ற சாஃப்ட்னர் தண்ணியை "நல்ல தண்ணி"ன்னு ஊத்தறாங்க. சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துட்டு சோடியத்தை வைக்குது, உப்பு போகறதில்லை. டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊத்துங்க, அதையும் சார்ஜ் முடிஞ்ச பிறகு. தட்டு வெளிய தெரிஞ்சா மட்டும், அது மூழ்கற அளவுக்கு முன்னாடியே கொஞ்சம். லித்தியம் பேட்டரி வண்டின்னா திறக்கவே வேண்டாம், விற்ற கம்பெனியையே கூப்பிடுங்க.

சார்ஜ் போடற இடமும் பணத்தோட சம்பந்தப்பட்டதுதான். சார்ஜ் முடியற நேரத்துல லெட் ஆசிட் பேட்டரி ஹைட்ரஜன் வாயு விடும். துணி குடோன்ல, பண்டலுக்கு நடுவுல ராத்திரி பூரா சார்ஜ் போட்டுட்டு, தீ இன்சூரன்ஸ் பாலிசியைப் பீரோவில் வச்சிருந்தா நிம்மதி வராது. காத்தோட்டமான வெளி ஷெட்டுக்கு மாத்துங்க.

சரி, எல்லாம் பார்த்தாச்சு, செட் மாத்தியே ஆகணும். பில்லைக் கவனிங்க. லெட் ஆசிட் பேட்டரிக்கு ஜிஎஸ்டி 28% ஆக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18%. பழைய கொட்டேஷனை வச்சு 28% போட்டா திருப்பி அனுப்புங்க. "பயணிகள் வண்டிக்கு இன்புட் கிரெடிட் கிடையாது"ன்னு சிலர் விட்டுடறாங்க. தொழிற்சாலைக்குள்ளேயோ மூடிய வளாகத்துக்குள்ளேயோ மட்டும் ஓடறதுக்குன்னே அமைச்ச வண்டி, மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 2(28)-ன்படி மோட்டார் வாகனமே இல்லை. ஜிஎஸ்டி சட்டமும் அதே விளக்கத்தைத்தான் எடுத்துக்குது. 50,000-க்கு 9,000 ரூபாய் கிரெடிட்டை விடறதுக்கு முன்னாடி உங்க ஆடிட்டர்கிட்ட இந்தப் பிரிவைக் காட்டுங்க. ரிஜிஸ்ட்ரேஷன் இல்லாத ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு அந்த 9,000 முழுச் செலவுதான்.

பில்லுல நாலு பேட்டரியோட சீரியல் நம்பரும் இருக்கணும், இல்லாட்டி வாரன்டி நேரத்துல அலையணும். பழைய செட்டைக் கொடுத்து விலை குறைச்சா, குறைச்ச தொகைக்கு இல்லாம முழு விலைக்கு வரி வரும். நீங்க கொடுக்கற பழசும் ஜிஎஸ்டி கணக்குல ஒரு சப்ளை, அதுக்கு உங்க பக்கம் தனி பில் போடணும். ரோட்டுல வர்ற பழைய இரும்புக்காரர்கிட்ட போட வேண்டாம். 2022 பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள்படி அது முறையா சேகரிக்கறவங்ககிட்டதான் போகணும், அந்த ரசீதையும் ஃபைல்ல வச்சுக்குங்க.